புழுக்கத்திலும் கலையாத மேக்கப்: சிங்கப்பூர் கிராஸ்டிரஸ்ஸர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மேலுதடு, தாடை, விக்கின் விளிம்பு. சிங்கப்பூரில் மேக்கப் விட்டுப்போவது இந்த மூன்று இடங்களில்தான், பெரும்பாலும் இதே வரிசையில்தான். கன்னம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மூக்குக்குக் கீழே முதல் வியர்வை முத்து அரும்பியதுமே அங்கே பூசியது வழுக்கத் தொடங்கும். அடியில் மறைத்து வைத்த மீசையின் கருநிழல் எட்டிப் பார்க்கும். கிராஸ்டிரஸ்ஸர்கள், அதாவது பெண்ணுடை அணியும் ஆண்கள், பெண்களுக்கான மேக்கப் காணொளிகளைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. பெண்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, முகத்திலேயே தங்கிக் கசகசக்கும். போதாக்குறைக்கு, ஆணின் தோல் சற்றுத் தடிமனானது. டெஸ்டோஸ்டிரோன் காரணமாக எண்ணெயும் கூடுதலாகச் சுரக்கும். ஆக மேக்கப்பைக் கலைக்க வருவது இரண்டு பேர்: வியர்வைத் தண்ணீர், தோலின் எண்ணெய். தண்ணீருக்குத் தாங்குவது எண்ணெய்க்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது. பல 'வாட்டர்ப்ரூஃப்' பொருள்கள் மூக்கோரத்தில் தோற்றுப்போவது இதனால்தான்.

கூடுதலாகப் பூசினால் கூடுதல் நேரம் நிற்கும் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். கனமாகப் பூசினால் மேல்பரப்பு மட்டும் காயும், அடி ஈரமாகவே இருக்கும். வியர்வை அந்த ஈரத்தில் கலந்ததும் மொத்தப் பூச்சும் ஓர் ஏடுபோல நழுவும். மெல்லிய அடுக்கு, அது காய்ந்த பிறகு அடுத்தது. கீழே வருவதெல்லாம் இந்த ஒரு விதியின் விரிவுதான்.

நேரக் கணக்கு

மாலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் 4 மணிக்கே தொடங்குங்கள். குளியலும் சவரமும் 4:00 முதல் 4:45 வரை. தோல் அடங்க அரை மணி நேரம். 5:15க்கு மாய்ஸ்சரைசர், 5:30க்குப் பிரைமர் (ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசுவது), அதிலிருந்து தாடி மறைப்பும் ஃபவுண்டேஷனும் 6 மணி வரை. கண்ணுக்கு 20 நிமிடம், உதடும் உடையும் 10 நிமிடம், விக் ஒட்டக் கடைசி 20 நிமிடம். புதியவர்கள் இதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அவசரமாகச் செய்யும்போது முதலில் பலியாவது காய விடும் நேரம்தான்.

காலையில் சவரம் செய்துவிட்டு மாலையில் மேக்கப் போடுவது வீண்வேலை. நம் ஆட்களின் கறுத்த, தடித்த முடி ஆறேழு மணி நேரத்தில் தோலுக்கு மேல் முளை விட்டுவிடும். அந்த முளை ஃபவுண்டேஷனை அடியிலிருந்து கூரைபோலத் தூக்கும். வியர்வை புக அந்த இடைவெளி போதும்.

சவரம்

வெந்நீரில் குளித்து முடித்ததும் தாடியை இன்னும் 2 நிமிடம் சூடான ஈரத் துண்டால் மூடி வையுங்கள். முடி ஊறி மென்மையாகும். நுரையைவிட ஜெல் நல்லது, பிளேடு எங்கே போகிறது என்று தெரியும். புது பிளேடு. முதல் முறை முடி வளரும் திசையில், பிறகு மறுபடி ஜெல் தடவிக் குறுக்காக. எதிர்த்திசையில் இழுப்பது வழவழப்பாக இருக்கும்தான். ஆனால் சுருள் முடி உள்ளவர்களுக்கு இரண்டு நாளில் கழுத்தில் உள்முளை முடியும் கொப்புளமும் வரும். மேலுதட்டிலும் மோவாயிலும் மட்டும் எதிர்த்திசை, கழுத்தில் குறுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த நீரில் கழுவி, வெட்டுப்பட்ட இடத்தில் ஈரப் படிகாரத்தைத் தேய்த்தால் ரத்தம் நிற்கும். காயாத வெட்டின் மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது, எரிச்சலும் கூடும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு தேடுபவர்கள் லேசர் பற்றி விசாரிக்கும்போது, கருநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் வகை கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிர் தோலுக்கான கருவிகளை நம் தோலில் அதே ஆற்றலில் பயன்படுத்தினால் சுட்ட தழும்பு வரலாம். நரைத்த முடிக்கு லேசர் வேலை செய்யாது.

எங்கே உட்கார்ந்து போடுவது

குளித்த குளியலறையில் போடவே கூடாது. அங்கே கண்ணாடியே வியர்த்திருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஏர்கான் உள்ள படுக்கையறையை 15 நிமிடம் முன்பே 24 டிகிரிக்குக் குளிரவிட்டு, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஏர்கான் குளிர்விப்பதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றும். நமக்கு அதுதான் முக்கியம். ஏர்கான் இல்லையென்றால் மேசை விசிறியை முகத்துக்கு நேராக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் காய்கிற நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். வீட்டில் வசதிப்படாமல் நண்பர் வீட்டிலோ ஹோட்டல் அறையிலோ போடுபவர்கள், சவரத்தையும் அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது. சவரம் செய்த முகத்தோடு வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தால் தோல் மறுபடி அடங்க அரை மணி நேரம் பிடிக்கும்.

உட்காரும்போது இடுப்பு வரை உடை இல்லாமலோ முன்பக்கம் திறக்கும் சட்டையோடோ இருங்கள். டீ ஷர்ட்டைத் தலை வழியாகக் கழற்றி முழு மேக்கப்பையும் அதில் துடைத்துவிட்டவர்கள் ஏராளம்.

அடித்தளம்

சுத்தமான முகத்தில் எண்ணெயில்லாத ஜெல் மாய்ஸ்சரைசர், ஒரு பட்டாணி அளவு. வியர்க்கிற ஊரில் இது எதற்கு என்று தவிர்த்துவிடாதீர்கள். சவரம் செய்த தோல் வறண்டிருக்கும். வறண்ட தோல் ஃபவுண்டேஷனிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் திட்டுத் திட்டாக்கிவிடும். பத்து நிமிடம் காய்ந்ததும், தங்கியிருப்பதை ஒரு டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பகலில் வெளியே போவதானால் மாய்ஸ்சரைசருக்குப் பிறகு சன்ஸ்கிரீன், அதற்கும் 15 நிமிடம். இரவு விருந்துக்குச் சன்ஸ்கிரீன் வேண்டியதில்லை. பல சன்ஸ்கிரீன்களில் உள்ள துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகத்தை வெளுப்பாகக் காட்டும்.

பிரைமரில் சிலிக்கோன் வகை எண்ணெயைத் தடுக்கும். பொருள் பட்டியலின் தொடக்கத்தில் டைமெத்திகோன் என்று இருக்கும். நெற்றி, மூக்கு, மேலுதடு, மோவாய், இந்த நான்கு இடத்துக்கும் சேர்த்து அரைப் பட்டாணி போதும். விரல் நுனியால் அழுத்துங்கள். சிலிக்கோன் பிரைமரின் மேல் நீர் மட்டுமே அடிப்படையான ஃபவுண்டேஷனைப் போட்டால் அது அழுக்குத் திரள்வதுபோல உருண்டு வரும். இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும்.

நெற்றி மட்டும் ஊற்றாக வியர்ப்பவர்கள் முடிக்கோட்டில் வியர்வைத் தடுப்பான் தடவுவதுண்டு. அதை முந்தைய இரவே, காய்ந்த தோலில், புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிறுத்திப் பூச வேண்டும். இரவில் வியர்வைச் சுரப்பிகள் ஓய்ந்திருப்பதால் மருந்து உள்ளே தங்கும். முகத்தோல் எரியலாம். முதலில் காதுக்குப் பின்னால் சோதித்துப் பாருங்கள், புதிதாகச் சவரம் செய்த இடத்தில் ஒருபோதும் வேண்டாம். வயிற்று அமிலத்துக்குக் குடிக்கும் மெக்னீசியா பாலை (மில்க் ஆஃப் மெக்னீசியா) முகத்தில் தடவும் பழைய மேடைத் தந்திரத்தையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எண்ணெயை உறிஞ்சும், உண்மைதான். ஆனால் அது காரத்தன்மையுள்ளது, தோலின் இயல்பான அமிலப் படலத்தைக் கெடுக்கும். தேவையில்லை.

தாடி நிழல்

நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்ட ஆண்கள் காலத்திலிருந்தே இந்தச் சிக்கல் உண்டு. அவர்கள் பூசிய அரிதாரம் கனமானது. பார்ப்பவரும் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். எம்ஆர்டி ரயிலில் எதிர் இருக்கைக்காரர் இரண்டு எட்டுத் தொலைவில் இருக்கிறார்.

மழித்த பிறகும் தோலுக்கு அடியிலிருக்கும் கறுத்த முடிவேர் நீலச் சாம்பலாகத் தெரியும். அதன் மேல் தோல் நிறக் கன்சீலரை எவ்வளவு அப்பினாலும் சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும். நீலத்தை முறிப்பது ஆரஞ்சு. வெளிர் நிறத்தவருக்குப் பீச், மாநிறத்துக்கு நல்ல ஆரஞ்சு, கருநிறத்துக்குச் செங்கல் சிவப்பு சாய்ந்த ஆரஞ்சு. இப்படி நிழலின் நிறத்தை முறிக்கும் பூச்சுக்குக் கரெக்டர் என்று பெயர், க்ரீம் வகையாக வாங்குங்கள். ஆரஞ்சு லிப்ஸ்டிக்கே போதும் என்பார்கள்; ஏர்கான் மண்டபத்தில் போதும், வெளியே போதாது. லிப்ஸ்டிக் முழுக்க எண்ணெயும் மெழுகும், உடல் சூட்டில் இளகி மேலே உள்ளதையும் இழுத்துக்கொண்டு வரும்.

முறை இது. கரெக்டரை விரல் நுனியில் சூடாக்கி, மேலுதடு, உதட்டுக்குக் கீழ்க்குழி, மோவாய், தாடை விளிம்பு, அதற்குக் கீழே இரண்டு விரல் அகலக் கழுத்து ஆகிய இடங்களில் மட்டும் தட்டித் தட்டி வையுங்கள். தேய்க்கக் கூடாது. நிழல் இல்லாத கன்னத்தில் ஆரஞ்சு படவே வேண்டாம். சாம்பல் நிறம் மறைந்து மங்கிய செம்மண் நிறம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், பளிச்சென்று ஆரஞ்சாகத் தெரிந்தால் அதிகம். இரண்டு நிமிடம் விட்டு, பஃப்பில் கொஞ்சம் பவுடர் எடுத்து அழுத்துங்கள். ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, உபரியைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். இந்தப் பவுடர் அடுக்கைத் தவிர்த்தால், அடுத்து வரும் ஃபவுண்டேஷனோடு ஆரஞ்சு கலந்து முகத்தின் கீழ்ப்பாதி துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும்.

பரதநாட்டியக்காரர்களுக்கும் கல்யாண மேக்கப் கலைஞர்களுக்கும் பழக்கமான கிரையோலான் பெயின்ட் ஸ்டிக் தாடி மறைக்க நன்றாகவே உதவும். ஆனால் அது எண்ணெய்ப் பசை. மெல்லிசாகத் தட்டி, பவுடரால் நன்றாக இறுக்கினால்தான் நிற்கும். வெட்டவெளியில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தால், அதாவது ஹாங் லிம் பூங்காவில் 2009இல் தொடங்கிய, பாலினச் சிறுபான்மையினரை ஆதரிக்கும் பிங்க் டாட் கூட்டம் போன்ற நிகழ்ச்சிக்கு, ஆல்கஹாலில் கரையும் நிறத்தட்டுகளை யோசிக்கலாம். சினிமாக்காரர்கள் பச்சை குத்தியது, காயம் ஆகியவற்றை வரையப் பயன்படுத்துவது. காய்ந்தால் வியர்வைக்கு அசையாது. மழித்த தோலில் சுரீரென்று எரியும் என்பதால், சவரத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

ஃபவுண்டேஷனும் நிறத் தேர்வும்

ஒரு ஷேடு வெளுப்பாக வாங்கும் ஆசை நம்மவர்களுக்கு லேசில் போகாது. வெளுப்புக்கு அழகியல் காரணம் சொல்லி வாதாடலாம், புழுக்கத்தோடு வாதாட முடியாது. வெளுத்த ஃபவுண்டேஷனில் ஒரு சொட்டு வியர்வை வழிந்தாலும் அது போன பாதை கறுப்புக் கோடாகத் தெரியும். நிறம் பொருந்தியிருந்தால் அதே சொட்டு யார் கண்ணிலும் படாது. கழுத்தோடும் நெஞ்சோடும் பொருத்திப் பாருங்கள். கடையில் தாடையில் ஒரு கீற்றுத் தடவி, அரை மணி நேரம் வெளியே சுற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பல ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டதும், எண்ணெய் கலந்ததும் அரை ஷேடு கறுக்கும். மஞ்சள் சாயலுள்ளதே நம் தோலுக்கு ஒத்துவரும். ரோஜாச் சாயல் சாம்பலடிக்கும்.

நீண்ட நேரம் நிற்கும் மேட் வகை வாங்கி, மொத்த முகத்துக்கும் ஒன்றரை பம்ப். ஈரமாக்கிப் பிழிந்து, பிறகு துண்டில் ஒருமுறை அழுத்திய ஸ்பாஞ்சால் குத்திக் குத்திப் பரப்புங்கள். ஸ்பாஞ்சில் நீர் சொட்டினால் ஃபவுண்டேஷன் நீர்த்துப்போய்ப் பிடிப்பே இருக்காது. தாடிப் பகுதிக்கு மட்டும் மூன்று நிமிடம் கழித்து இரண்டாவது மெல்லிய அடுக்கு. முடிக்கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நிறுத்துங்கள். அந்த ஒரு சென்டிமீட்டர் விக்குக்குச் சொந்தம்.

பவுடர், ஸ்ப்ரே, மறுபடி பவுடர்

வெள்ளைப் பவுடர் மாநிற முகத்தில் விபூதிதான். மஞ்சள் சாயலுள்ள பவுடரோ தோல் நிறமுள்ளதோ வாங்குங்கள். முழுக்கச் சிலிக்காவால் ஆன நுண்பவுடர் கண்ணாடியில் தெரியாது, ஃபிளாஷ் படத்தில் வெள்ளைத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். கிளம்பும் முன் இருட்டறையில் ஃபிளாஷோடு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

பஃப்பை மடித்துப் பவுடரை அதன் நாருக்குள் தேய்த்து, பிறகு முகத்தில் உருட்டி அழுத்த வேண்டும். தூரிகையால் வீசினால் பவுடர் மேலே உட்காரும், இறங்காது. அடுத்து செட்டிங் ஸ்ப்ரே. இதை வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டியலில் ஆல்கஹால் முன்னால் இருந்து, பி.வி.பி. அல்லது அக்ரிலேட்ஸ் கோபாலிமர் என்று ஏதாவது வந்தால் அது படலமாகி இறுக்கிப் பிடிக்கும் வகை. தண்ணீருக்கு அடுத்துக் கிளிசரின் வந்தால் அது பளபளப்புக்கான பன்னீர்த் தெளிப்பு. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். குளிர்நாட்டில் அது நன்மை, இங்கே பத்து நிமிடத்தில் பிசுபிசுப்பு. கொரியன் கண்ணாடிச் சரும மோகத்தை ஏர்கான் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துக் குறுக்காக ஒருமுறை, நெற்றியும் மூக்குமாக ஒருமுறை. விசிறிக்கு முன்னால் இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். சிரிக்கக்கூட வேண்டாம், படலம் மடிப்பில் உடையும். தாடிப் பகுதியில் மட்டும் இன்னொரு முறை மெல்லிய பவுடர், மெல்லிய ஸ்ப்ரே. கிட்டப் பிடித்து அடித்தால் சொட்டுகள் ஃபவுண்டேஷனைக் கரைத்துப் புள்ளி விழச் செய்யும்.

கண்ணும் புருவமும்

புருவத்தை மறைக்கப் பசைக்குச்சி தேய்க்கும் தந்திரம் மேடைக்காரர்களிடமிருந்து வந்தது. மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு பவுடர். அழகாகத்தான் படியும், ஆனால் அந்தப் பசை தண்ணீரில் கரைவது. புருவம் வியர்வைக்கு இயற்கை வைத்த வரப்பு. வரப்பில் தண்ணீர் தேங்கியதும் பசை ஊறி, புருவ முடி சிலிர்த்து நிற்கும். வெளியே போகிற நாளில் புருவத்தை முழுதாக மறைக்க முயலாதீர்கள். நீண்டு தொங்கும் முடியைக் கத்தரித்து, கீழ்விளிம்பைக் கன்சீலரால் செதுக்கி, வால் பகுதியை நீர்புகா பென்சிலால் உயர்த்தினாலே முகம் மாறும். வேலையிடத்தில் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

கண்மை வழிவதற்குக் காரணம் கண்ணீரைவிட இமையின் எண்ணெய். இமையில் ஐ பிரைமர், அதன் மேல் தோல் நிறப் பவுடர். குழைவான மையை விட்டு நீர்புகா ஜெல் லைனரால் வரைந்து, அதன் மேல் கறுப்பு ஐ ஷேடோவைச் சிறு தூரிகையால் அழுத்துங்கள். கீழிமையின் உட்கோட்டை விட்டுவிடுவது உத்தமம். மஸ்காராவில் டியூபிங் வகையை வாங்குங்கள்: ஒவ்வொரு முடியையும் உறைபோல மூடும், எண்ணெய்க்கும் வியர்வைக்கும் கரையாது, வெதுவெதுப்பான நீரில் மட்டும் கழன்று வரும்.

பொய்யிமைப் பசையைத் தடவி உடனே ஒட்டாதீர்கள். 30 முதல் 60 நொடி விட்டு, இழுபடும் பதம் வந்ததும் வையுங்கள். முதலில் பிய்வது மூக்குப் பக்கத்து முனை; அங்கே மட்டும் கூடுதலாக ஒரு பொட்டு. ரப்பர் பால் ஒவ்வாதவர்கள் லேடெக்ஸ் இல்லாத பசை என்று பார்த்து வாங்குங்கள்.

உதடும் பொட்டும்

லிப் லைனரால் உதடு முழுதும் நிரப்பி, மேலே மேட் திரவ லிப்ஸ்டிக் ஓர் அடுக்கு. டிஷ்யூவின் ஒற்றை ஏட்டை உதட்டின் மேல் விரித்து அதன் வழியாகப் பவுடர் தட்டுங்கள். முத்தத்துக்கும் தேநீருக்கும் அசையாத லிப்ஸ்டிக்குகூட மீன் தலைக் கறிக்குத் தோற்கும். எண்ணெய் அதைக் கரைத்துவிடும். உணவங்காடிக்குப் போகும் எண்ணமிருந்தால் லைனரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தை ஆல்கஹால் துணியால் துடைத்து, பொட்டின் பின்னால் பொய்யிமைப் பசை ஒரு துளி. இல்லையேல் சாந்துப் பொட்டு.

விக்

உடம்பின் வெப்பம் வெளியேறும் வழிகளில் ஒன்றைத் தொப்பி போட்டு மூடுகிறோம். முகம் வியர்ப்பதில் பாதிப் பழி விக்கின் மேல்தான். வாங்கும்போது உள்ளே வலையாக, வரிசைகளுக்கு இடையில் காற்றுப் போகும்படி தைத்த விக்கைப் பாருங்கள். மனித முடி விக் இங்கே காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சுருண்டு பரட்டையாகும். செயற்கை இழை வடிவம் மாறாது, சூட்டை மட்டும் கூடுதலாகப் பிடித்து வைக்கும். முதுகு வரை நீண்டதைவிடத் தோளுக்கு மேல் நிற்பது நல்லது. பிடரியில் உரசிச் சிக்காது, கழுத்துக்குக் காற்று கிடைக்கும். நீளம்தான் வேண்டுமென்றால் பின்னலோ கொண்டையோ போட்டு, தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகையைச் சுற்றிவிடுங்கள்.

நைலான் வலைத் தொப்பிக்கு அடியில், நெற்றி வளைவில் மெல்லிய பருத்திப் பட்டை ஒன்றைக் கட்டுங்கள். சானிட்டரி பேடின் மெல்லிய வகையை நீளவாக்கில் பாதியாக வெட்டி, தொப்பியின் உள்விளிம்பில் ஒட்டினால் இன்னும் நல்லது. நெற்றிக்கு இறங்கும் வியர்வையை அது குடித்துவிடும்.

முன்விளிம்பில் மெல்லிய வலை (லேஸ்) வைத்த லேஸ் விக் பிய்ந்து வருவதற்கு முதல் காரணம் பசை அல்ல, பசைக்கு அடியிலுள்ள ஃபவுண்டேஷன். அதற்காகத்தான் ஒரு சென்டிமீட்டர் விட்டுவைத்தோம். அந்தப் பட்டையை 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். அக்ரிலிக் வகை விக் பசையை மிக மெல்லிசாக ஓர் அடுக்கு. வெள்ளை மறைந்து கண்ணாடிபோல ஆனதும் இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது. கடைசி அடுக்கும் தெளிந்த பிறகே லேஸை வைத்து, சீப்பின் முதுகால் அழுத்தி, துணிப்பட்டையால் பத்து நிமிடம் கட்டிவையுங்கள். வெள்ளையாக இருக்கும்போதே ஒட்டினால் அது நாள் முழுக்கக் காயாது, நெற்றியில் பால் வழிந்த மாதிரி தெரியும். மர ரெசினைக் கரைத்துச் செய்யும் ஸ்பிரிட் கம் இரண்டு மணி நேர மேடைக்குச் சரி, இரவு முழுதும் ஆடுவதற்கு அதை நம்ப வேண்டாம். எந்தப் பசையானாலும் முந்தைய நாளே முழங்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒட்டியபின் லேஸ் விளிம்பில் தோல் நிறப் பவுடரை மட்டும் தட்டுங்கள். திரவ ஃபவுண்டேஷன் லேஸ் கண்ணிகளை அடைத்துவிடும்.

உடையும் உடம்பும்

ஸ்பாஞ்ச் இடுப்புத் திண்டு, சிலிக்கோன் மார்பு, இறுக்கமான உள்ளுடை, பட்டுப்புடவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் முகத்தில் எந்தப் பிரைமரும் உதவாது. உடம்பு கொதித்தால் முகம் வியர்க்கும். திண்டு கட்டிய நாளில் சாஃப்ட் சில்க்கோ ஜார்ஜெட்டோ உடுத்துங்கள். கனமான பட்டு வேண்டுமென்றால் திண்டைக் குறையுங்கள், கொசுவமே இடுப்பைக் காட்டிவிடும். தோலுக்கும் சிலிக்கோனுக்கும் நடுவே மெல்லிய பருத்தி பனியன். தண்ணீரை உறிஞ்சுகுழலில் அடிக்கடி குடியுங்கள். தலை சுற்றினால், குமட்டினால் முதலில் விக்கைக் கழற்ற வேண்டும். மேக்கப்பை அப்புறம் பார்க்கலாம்.

வெளியே போன பிறகு

தீபாவளி நெருங்கும் அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம். குடையில்லாமல் கிளம்பாதீர்கள். கூரைபோட்ட நடைபாதை வழியாக மெதுவாக நடங்கள். பேருந்தைப் பிடிக்க ஓடும் அரை நிமிடம் ஒரு மணி நேர வேலையைக் கெடுக்கும். மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு ஏர்கானிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி வியர்க்கும். கழற்றாமல் அரை நிமிடம் நில்லுங்கள், தானே தெளியும். கழற்றித் துடைக்கும்போதுதான் மூக்குத் தண்டின் பூச்சு போகிறது.

பையில் இருக்க வேண்டியது கொஞ்சம்தான்: டிஷ்யூ, எண்ணெய் ஒற்றும் தாள், அழுத்தப்பட்ட பவுடரும் பஃப்பும், சிறு டப்பாவில் கரெக்டரும் ஃபவுண்டேஷனும், பஞ்சுக் குச்சி நான்கு, லிப் லைனர், பொய்யிமைப் பசை, கைவிசிறி.

வியர்வைக்கு டிஷ்யூ, எண்ணெய்க்குத் தாள். இரண்டும் வேறு. டிஷ்யூவை ஒற்றை ஏடாக்கி முகத்தின் மேல் படரவிட்டு எடுங்கள், இழுக்காதீர்கள். பிறகு தாள். அதன் பிறகுதான் பவுடர். ஈரத்தின் மேல் பவுடர் போட்டால் அது மாவாகப் பிசைந்து திட்டாகும், அந்தத் திட்டைச் சரிசெய்ய வழியே இல்லை.

மேலுதட்டில் பூச்சு பிளந்துவிட்டால் மேலே மேலே அப்பாதீர்கள். பஞ்சுக் குச்சியில் மாய்ஸ்சரைசர் தொட்டு, பிளந்த இடத்தை முழுவதும் துடைத்து எடுத்துவிடுங்கள். டிஷ்யூவால் ஒற்றி, கைவிசிறியில் உலர்த்தி, கரெக்டர், பவுடர், ஃபவுண்டேஷன், பவுடர் என்று முதலிலிருந்து. ஐந்து நிமிட வேலை. கடைத்தொகுதியில் ஏர்கான் உள்ள கழிவறையில் செய்யுங்கள்.

கலைப்பது

விக்கைப் பிய்த்து இழுக்க வேண்டாம். அந்தப் பசைக்குரிய கரைப்பானை லேஸ் விளிம்பில் நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டால் தானே நெகிழும். முகத்துக்கு முதலில் எண்ணெய்க் கிளென்சர், காய்ந்த கையால் காய்ந்த முகத்தில் ஒரு நிமிடம். பிறகு கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பாலாக்கிக் கழுவி, இரண்டாவதாகச் சாதாரண ஜெல் ஃபேஸ்வாஷ். தேங்காய் எண்ணெயும் நீர்புகா மேக்கப்பைக் கரைக்கும்தான், ஆனால் பருத்தோல் உள்ளவர்களுக்கு அடுத்த வாரம் அதன் பலன் தெரியும். மறுநாள் முடிந்தால் சவரம் செய்யாமல் தோலுக்கு ஓய்வு கொடுங்கள்.

அலுவலகம் போகிற காலையில் பகல் வெளிச்சத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள்: கண்ணின் உள்மூலையில் தங்கிய மை, காதுமடலின் பின்பக்கத்து ஃபவுண்டேஷன், நெற்றி விளிம்பில் பசைச் செதில், நகக்கண்ணில் சாயம். மைக்கு, எண்ணெய் தொட்ட பஞ்சுக் குச்சியை இமை மூடியபடி ஒருமுறை ஓட்டினால் போதும். ஜிகினாத் துகள் மட்டும் கழுவப் போகாது, ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்க வேண்டும்.